மறுமுறை எடுக்காத ரத்தம்

காலை பதினொன்று இருபதுக்குச் செய்தி வந்தது. கயல்விழி அப்போது நன்னிலம் கடைத்தெருவில், தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில், ஒரு பெரியவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். மேசைமேல் கைபேசி அதிர்ந்தது. கணவன் இனியவனின் பெயர். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து அந்த நேரத்தில் அவன் கூப்பிட ஒரே காரணம்தான் இருக்க முடியும். அவள் உடனே எடுக்கவில்லை. ஊசியை ஏற்றி, ரத்தம் எடுத்து, பஞ்சை வைத்துக் கையை மடக்கச் சொல்லி, குழாயில் பெயர் எழுதி ஒட்டிய பிறகுதான் எடுத்தாள்.

"அம்மா போயிட்டாங்க கயல்," என்றான் அவன். "பத்து நிமிஷம் ஆவுது."

நிலையத்தை நடத்தும் ஜாஹித் பாய் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "நீங்க கிளம்புங்கம்மா. அந்தக் குழாயை நான் போட்டுக்கறேன்."

"வச்சிருந்தா ரத்த அணு ஊதிடும் பாய். ஒரு நிமிஷம்."

"ஒரு மணி நேரத்துல என்னம்மா ஊதப்போவுது?"

அவள் காதில் வாங்காமல் குழாயை எட்டு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி இயந்திரத்தில் வைத்தாள். எண்கள் வரும்வரை நின்றாள். முன்பின் தெரியாத அந்தப் பெரியவருக்கு எல்லாம் சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் வெளியே வந்து பேருந்துக்கு நின்றாள்.

இறந்துபோன அம்சத்துக்கு வயது அறுபத்தொன்று. நன்னிலத்துக்குத் தெற்கே வாய்க்கால் கரையோரத் தெருவில் பிறந்து, அதே தெருவில் நாலு வீடு தள்ளி நல்லக்கண்ணு என்பவருக்கு வாழ்க்கைப்பட்டு, அவர் போன பிறகும் அதே வீட்டில் இருந்தவள். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் ஒரு வயலைக் கண்ணால் அளந்து, எத்தனை ஆள், எத்தனை கட்டு நாற்று, எத்தனை மணிக்குக் கரையேறலாம் என்று சொன்னால் அது பிசகாது. அவளோடு சேர்த்துப் பதினேழு பெண்கள். ஆனியில் குறுவை, ஐப்பசியில் தாளடி என்று நடவுக்காலம் வந்துவிட்டால் சுற்றுவட்டாரத்து நிலக்காரர்கள் எல்லோருடைய கைபேசியிலும் அவள் எண்தான் முதலில் இருக்கும்.

அவர்களிடம் அவள் பேசுகிற பேச்சு தனி. ஒருமுறை பஞ்சநதம் என்ற மிராசு வீட்டுக்காரர் தண்ணீர் வரக் காத்திருந்து காத்திருந்து நாற்றை முற்ற விட்டுவிட்டார். வயலுக்கு வந்த அம்சம் ஒரு நாற்றைப் பிடுங்கி வளைத்துப் பார்த்தாள்.

"ஐயா, இதுக்கு நடவு போடணுமா, அறுபதாங் கல்யாணம் பண்ணணுமா?"

பதினாறு பெண்களும் சிரித்ததில் அவருக்குக் கோபம் வந்தது. "அடுத்த வருஷம் மெஷினைக் கொண்டாறேன் பாரு."

"கொண்டாங்க, கொண்டாங்க. நடுவுல அது கோடு போட்டு நடும். மூலை முடுக்குல யாரு நடுவா, அதோட மாமியாளா?"

மறு வருடம் நடவு இயந்திரம் வந்தது. மூலைகளுக்கு அம்சத்தைத்தான் கூப்பிட்டார்.

கயல்விழியை மகனுக்குப் பெண் பார்க்க மயிலாடுதுறைக்குப் போனபோது அவள் கேட்டது ஒரே கேள்வி. இனியவன் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். பெண் ரத்தப் பரிசோதனைப் படிப்புப் படித்தவள். மற்றவர்கள் படிப்பையும் பழக்கத்தையும் விசாரிக்க, அம்சம் தன் முழங்கையை நீட்டி, "நீ ஊசி குத்துனா வலிக்குமா?" என்றாள்.

"வலிக்குங்க. கொஞ்சமா வலிக்கும்."

"வலிக்காதுன்னு சொல்லுவன்னு பாத்தேன். பொய் வராத வாய். எனக்கு இது போதும்."

கல்யாணத்துக்குப் பிறகு தெருவில் அவள் பெருமை தாங்கவில்லை. "எம் மருமவ ஒரு சொட்டு ரத்தத்துல உன் ஜாதகத்தையே சொல்லிடுவா" என்று பெண்களை வீட்டுக்குக் கூட்டிவருவாள். கயல்விழியும் கைக்கு அடங்கும் சின்னக் கருவியை வைத்துக்கொண்டு, விரல் நுனியில் குத்தி ஹீமோகுளோபின் மட்டும் பார்ப்பாள். பன்னிரண்டாவது இருக்க வேண்டும். வருவதோ எட்டு, ஒன்பது, எட்டரை. நடவுக்குப் போகிற பெண்களில் பன்னிரண்டு உள்ளவளை அவள் பார்த்ததே இல்லை. இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையும் சொல்லி அனுப்புவாள். ரத்தசோகை என்பது அந்தத் தெருவில் நோயாகவே இல்லை. காலில் சேற்றுப்புண் மாதிரி, அது பாட்டுக்கு இருந்தது.

போன வருடம் ஆனியில் அம்சத்தின் வரிசை பின்தங்கியது. நடவில் எல்லோரும் குனிந்தபடி பின்னால் பின்னால் நகர்வார்கள். எப்போதும் முதலில் வரப்பைத் தொடுகிறவள் கடைசியாகத் தொட்டாள்.

"என்னக்கா, மருமவ சமையல்ல உடம்பு கனத்துப்போச்சா?" என்றாள் பக்கத்து வரிசைக் காளியம்மாள். இருவரும் ஒரே வருடம் சமைந்தவர்கள். நாற்பது வருடமாகப் பக்கத்துப் பக்கத்து வரிசை.

"கனமா? காத்தடிச்சா கொல்லுமாங்குடி போய் விழுந்துடுவேன், போடி."

வீட்டில் கயல்விழி அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். வெளுத்திருந்தது.

"சேத்துல ஊறுன கை வேற எப்படிம்மா இருக்கும்? காளி கையைப் பாரு, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு."

உண்மைதான். நடவுக்காலத்தில் பதினேழு பேரின் உள்ளங்கையும் ஒரே வெளுப்பு. நாக்கைப் பார்க்கலாமென்றால் வெற்றிலைச் சிவப்பு. கண் இமையை இழுத்துப் பார்த்த கயல்விழி, "நாளைக்கு நிலையத்துக்கு வாங்க அத்தை, முழுசா ஒரு டெஸ்ட் எடுத்துடலாம்" என்றாள்.

"நாளைக்கு பஞ்சநதம் வயலு. ஆளை விட்டுட்டு நான் வரமுடியுமா?"

ஆகவே மறுநாள் விடியற்காலை, அம்சம் வயலில் இறங்குவதற்கு முன், வரப்பிலேயே உட்காரவைத்து ரத்தம் எடுத்தாள். பதினாறு பெண்களும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஊதா மூடி போட்ட குழாயைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு நன்னிலம் போனாள். அன்று மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டரில் மின்விசிறி ஓடியது, இயந்திரம் ஓடாது. பனிக்கட்டி வாங்கி அதில் குழாயை வைத்திருக்கலாம். கூட்டம் அதிகம். பை ஜன்னலோரம் ஆணியில் தொங்கியது. மின்சாரம் வந்து, மற்றவர்களுடையதை முடித்து, அம்சத்தின் குழாயை அவள் இயந்திரத்தில் வைத்தபோது மாலை ஆறு தாண்டிவிட்டது.

ஹீமோகுளோபின் ஏழு புள்ளி ஒன்பது. அதை அவள் எதிர்பார்த்திருந்தாள். அதற்குச் சில வரி கீழே, சிவப்பணுவின் சராசரிப் பருமன் என்ற இடத்தில், நூற்றுப் பதினாலு என்று வந்து பக்கத்தில் இயந்திரம் எச்சரிக்கைக் குறி போட்டிருந்தது.

இரும்புச்சத்துக் குறைந்த ரத்தத்தில் அணு சிறுத்துப்போகும். பெருக்காது. கல்லூரியில் முதல் வருடமே படித்த பாடம். பெருத்திருந்தால் காரணம் வேறு, சங்கதி வேறு. ஆனால் எடுத்து நேரமான ரத்தத்தில், அதுவும் சூட்டில் கிடந்த ரத்தத்தில், அணு தண்ணீரை இழுத்து ஊதும் என்பதும் பாடம்தான். அவள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு ஊதும் என்று நின்று யோசிக்கவில்லை. 'நாளை மீண்டும்' என்று தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்.

மறுநாள் காலை அம்சம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இன்னொரு தடவை எடுக்கணும். நேத்து சரியா வரல."

"நேத்து ஒரு குழாய் நெறைய உறிஞ்சினியே, அதெல்லாம் எங்க போச்சு? வித்துட்டியா?" அம்சம் சிரித்தாள். "எவ்வளவு இருக்குன்னு வந்துச்சு?"

"எட்டு."

"எல்லாத்துக்கும் எட்டுதானே. எட்டை வச்சுக்கிட்டு நடவு நட முடியாதா?"

கயல்விழியும் சிரித்தாள். அவளுக்குப் பேருந்துக்கு நேரமாகியிருந்தது. இரும்பு மாத்திரையை இரண்டாக்கிச் சாப்பிடச் சொன்னாள். தாளைக் குப்பைக்கூடையில் போட்டாள். நடவு முடிந்ததும் எடுக்கலாம் என்று நினைத்தாள். நடவு முடிந்தது. களை வந்தது, அறுப்பு வந்தது, தாளடி வந்தது. ஐப்பசியில் விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது ஏழு. மாத்திரைக்கு மேல் டானிக் வாங்கிக் கொடுத்தாள். நினைவு வராமல் இல்லை. வந்தது. வரும்போதெல்லாம் அவளே அதற்கு ஒரு சாக்குச் சொல்லி அனுப்பிவைத்தாள்.

மார்கழியில் காய்ச்சல் வந்து பத்து நாள் விடவில்லை. தொடையிலும் முழங்கையிலும் அடிபடாமலே நீலம் பாரித்தது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். ரத்த நோய்ப் பிரிவின் டாக்டர் ஒரு நடுவயதுப் பெண்மணி. கோப்பைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "இதுக்கு முன்னாடி ரத்தம் டெஸ்ட் எடுத்திருக்கீங்களா? பழைய ரிப்போர்ட் ஏதாச்சும் இருக்கா?"

அம்சம்தான் முந்திக்கொண்டாள். "எம் மருமவளே எடுத்தா டாக்டர். அவளுக்கு அதுதான் வேலை. எட்டுன்னு சொன்னா."

டாக்டர் கயல்விழியைப் பார்த்தார். இனியவனும் பார்த்தான்.

"ஹீமோகுளோபின் மட்டும்தான் மேடம் பார்த்தோம்," என்றாள் கயல்விழி. "முழு டெஸ்ட் எடுக்கல."

டாக்டர் தலையசைத்து எழுதிக்கொண்டார். அம்சம் ஒன்றும் சொல்லவில்லை. வரப்பில் உட்கார்ந்து குழாய் நிறைய ரத்தம் கொடுத்தவள் அவள்.

இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். அது சென்னைக்குப் போய், குரோமோசோம் பரிசோதனை முடிந்து, பொங்கல் கழித்து முடிவு வந்தது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் ரத்தம் உற்பத்தியாகிறது. அந்த அணுக்கள் ஒவ்வொன்றிலும் நாற்பத்தாறு குரோமோசோம் இருக்க வேண்டும். இவருடைய மஜ்ஜையில் சில குறைந்திருக்கின்றன. அதனால் அணு சரியாக விளையாமல் பாதியிலேயே வீணாகிறது.

"அப்ப விதையிலயே கோளாறா டாக்டர்?" என்றாள் அம்சம்.

"இல்லம்மா. பிறவியில வந்ததில்ல. நடுவுல வந்தது. உங்க பிள்ளைக்கோ பேரப்பிள்ளைக்கோ போகாது."

"நாத்தங்கால்ல புடிச்ச நோவுன்னு சொல்லுங்க." அவள் திருப்தியாகத் தலையாட்டினாள். "விதை நல்ல விதைதான்."

கயல்விழி அறிக்கையைக் கேட்டு வாங்கினாள். இருபது அணுக்களைப் பார்த்திருந்தார்கள். மூன்றில் எல்லாம் ஒழுங்கு. எட்டில் ஐந்தாவது குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு துண்டைக் காணோம். மீதி ஒன்பதில் அந்தத் துண்டும் இல்லை, ஏழாவது குரோமோசோம்களில் ஒன்று அடியோடும் இல்லை. அவளுக்குப் படிக்கத் தெரியும். ஐந்தாவதின் குறைதான் முதலில் வந்தது, ஏழாவது பிறகு அதன்மேல் ஏறியது என்பது அந்தக் கணக்கிலேயே இருந்தது.

மாமியாரை அறைக்கு அனுப்பிவிட்டுத் தனியாக நின்று கேட்டாள்: "அஞ்சாவது மட்டும் போயிருந்தா மேடம்?"

"அது மட்டும்னா ஒரு மாத்திரை இருக்கு. நிறைய பேருக்கு நல்லா கேக்கும். வருஷக்கணக்கா ரத்தம் ஏத்தாம இருக்கிறவங்க இருக்காங்க. ஏழாவதும் போனப்புறம் கஷ்டம்."

"ஏழாவது எப்பப் போயிருக்கும்?"

"அதை யாரும் சொல்ல முடியாதும்மா. போன வருஷமே போயிருக்கலாம். போன மாசமும் போயிருக்கலாம்."

அப்போது சொல்லியிருக்கலாம். மேடம், ஆனியில் நான் முழு டெஸ்ட் எடுத்தேன், அணு பெருத்திருந்தது, நான் விட்டுவிட்டேன். மூன்று வாக்கியம். சிகிச்சைக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அது பொய்யில்லை என்பதுதான் அதற்குப் பிறகு அவளை அதிகம் அறுத்தது.

மாதம் ஏழு நாள் ஊசி, வாரம் ஒரு தடவை ரத்தம். அம்சம் ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் ஆள் சேர்த்தாள். பக்கத்துப் படுக்கைக்காரிகளிடம் எந்த ஊர், எத்தனை மா நிலம், நடவா நேரடி விதைப்பா என்று விசாரித்து, "நல்லானதும் ஒரு நடவு வந்து நட்டுக் குடுக்கறேன்" என்று நாலு பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். நர்ஸுகள் ஊசி ஏற்ற நரம்பைத் தேடித் தடவும்போது, "எம் மருமவ குத்துனா இவ்வளவு தேடமாட்டா" என்று அவர்களிடம் சொல்வாள். மூன்றாவது தவணை ஊசிக்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டியது. வைகாசியில், செய்தி வந்த அந்தக் காலையில், முடிந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தவர்கள் போன பிறகு, பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்த கயல்விழியிடம் இனியவன் சொன்னான்: "கடைசி வாரம் அம்மா ஒண்ணு சொன்னாங்க. கயல் மறுபடி எடுக்கணும்னு தலபாடா அடிச்சுக்கிட்டா, நான்தான் கைய நீட்டல, அவமேல குத்தம் சொல்லக் கூடாதுன்னாங்க. என்ன எடுக்கச் சொன்னே? எனக்குப் புரியல."

"அப்புறம் சொல்றேங்க," என்றாள். அவள் தலைபாடாக அடித்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு தடவை, பேருந்துக்குச் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டாள். அம்சத்துக்கு அது தெரியாதா? தெரிந்துதான் மகனிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அதை அப்படியே வாங்கிக்கொண்டு வாழ்நாள் முழுக்க நல்ல மருமகளாக இருந்துவிடலாம். இனியவன் மறுபடி கேட்கவும் மாட்டான்.

மறுநாள் இறப்புச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அவன் நிலையத்துக்கு வந்தான். மதிய நேரம். ஜாஹித் பாய் தொழுகைக்குப் போயிருந்தார்.

"ஒரு நிமிஷம் உள்ள வாங்க," என்றாள் கயல்விழி. இயந்திரத்தின் நினைவில் பழைய முடிவுகள் அழியாமல் இருக்கும். தேதியைத் தட்டி எடுத்தாள். அம்சம், பெண், அறுபது. மாலை ஆறு பன்னிரண்டு.

"இது அன்னைக்கு எடுத்ததா? ஏழு புள்ளி ஒன்பது. எட்டுன்னு சொன்னியே, சரிதானே?"

"அதுக்குக் கீழ பாருங்க. நூத்திப் பதினாலு. எண்பதுல இருந்து நூறுக்குள்ள இருக்கணும். இரும்புச்சத்துக் குறைவுன்னா எண்பதுக்கும் கீழ போகணும். வெயில்ல கெடந்த ரத்தம், அதான் ஊதிப்போச்சுன்னு விட்டுட்டேன்."

கணக்கு ஆசிரியரான இனியவன் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "வெயில்ல கெடந்தா எவ்வளவு கூடும்?"

"அஞ்சு. மிஞ்சிப்போனா பத்து."

"மிச்சம்?"

அவள் அந்த எண்ணை விரலால் தொட்டாள்.

"டாக்டர் கேட்டப்போ முழு டெஸ்ட் எடுக்கலன்னியே."

"பொய் சொன்னேன். அத்தை உங்ககிட்ட சொன்னதும் நெசமில்லைங்க. நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். அவங்க சிரிச்சாங்க, நானும் சிரிச்சுட்டு வேலைக்குப் போயிட்டேன்."

இனியவன் நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தான். ஜாஹித் பாய் திரும்பி வந்ததும் எழுந்து, "வண்டியில ஏறு" என்றான். வீட்டில் இரண்டு நாள் சோறு, தண்ணீர், சாவி என்பதைத் தாண்டிப் பேச்சில்லை. அவள் திட்டை எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மூன்றாம் நாள், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே கேட்டான்: "அம்மாகூட வர்ற அந்தப் பதினாறு பேருக்கும் நீ என்ன பாத்துக் குடுத்தே?"

"விரல்ல குத்தி ஹீமோகுளோபின்."

"மெஷின்ல வச்சுப் பாத்தியா?"

"இல்ல."

"அப்ப அவங்க எட்டும் எந்த எட்டுன்னு உனக்குத் தெரியாது."

அவ்வளவுதான் சொன்னான். பள்ளிக்குக் கிளம்பிவிட்டான்.

ஆனி பிறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தது. அம்சம் இல்லாமல் பதினாறு பேரும் குறுவை நடவுக்கு இறங்கினார்கள். கயல்விழி ஒரு விடியற்காலையில் பனிக்கட்டிப் பெட்டியோடு வரப்புக்குப் போனாள். ஜாஹித் பாயிடம் ஏழு மணிக்கெல்லாம் நிலையத்தைத் திறக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஊசியை எடுப்பதற்கு முன், போன வருடம் இதே வரப்பில் எடுத்த ரத்தத்தில் என்ன வந்தது, தான் என்ன செய்யவில்லை என்பதை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போது குரல் எங்கும் உடையவில்லை. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

நடுவயதுக்காரி ஒருத்தி, "சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரியவா போவுது?" என்றாள். அது பாராட்டா குத்தலா என்று தெரியவில்லை. பிறகு அவளே முதலில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

காளியம்மாள் மட்டும் நாற்றுக்கட்டைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கிவிட்டாள். கயல்விழி வரப்போரமாக அவள் பின்னாலேயே போனாள்.

"காளிம்மா, நீங்களும் வாங்க. ஒரு நிமிஷந்தான்."

"ஒனக்குப் பொய் வராதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா அந்த மனுஷி." காளியம்மாள் நிமிராமலே நட்டுக்கொண்டு போனாள். "நான் பெரியாஸ்பத்திரிக்குப் போயி எடுத்துக்கறேன். ஒன் கையால வேணாம்."

"அப்ப கட்டாயம் போங்க. நாளைக்கே போங்க."

"போறேன் போ. நாத்து காயுது."

பதினைந்து பேருடைய ரத்தமும் எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் இயந்திரத்துக்குப் போனது. பதினான்கு பேருக்கு அணு சிறுத்திருந்தது. வெறும் இரும்புச்சத்துக் குறைவு. ஒருத்திக்கு நூற்று மூன்று வந்தது. மறுநாளே மறுபடி எடுத்தாள், அதே எண். இனியவன் விடுப்புப் போட்டு அவளைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனான். வைட்டமின் குறைவுதான், ஊசி போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். வீட்டுக்கு வந்து அதை அவன்தான் சொன்னான். சொல்லிவிட்டுக் கைகழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். அவள் பரிமாறினாள்.

வாரத்துக்கு ஒருமுறை, வேலை முடிந்து வரும் வழியில், கயல்விழி காளியம்மாள் வீட்டு வாசலில் நின்று, "போனீங்களா?" என்று கேட்கிறாள். நடவு இருக்கிறது என்கிறாள் காளியம்மாள், அல்லது பேருந்து இல்லை என்கிறாள், சில நாள் கதவைத் திறப்பதில்லை. ஆனி முடிந்து ஆடியும் பாதி ஆகிவிட்டது. அவள் இன்னும் பெரியாஸ்பத்திரிக்குப் போகவில்லை.